உடல் எடையும் புற்றுநோயும்: நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

நோய் இல்லாதவரை "தொப்பையைக் குறை" என்கிறார்கள். நோய் என்று தெரிந்ததும் "நன்றாகச் சாப்பிடு, எடை குறையக் கூடாது" என்கிறார்கள். சில சமயம் இரண்டையும் சொல்பவர் ஒரே மருத்துவராக இருப்பார். கேட்பவருக்குக் குழப்பம் வருவது இயல்பு. ஆனால் இரண்டுமே சரியான அறிவுரைதான். எடைபார்க்கும் கருவியில் தெரியும் எண்ணை நோய்க்கு முன் ஒருவிதமாகவும் சிகிச்சையின்போது வேறுவிதமாகவும் படிக்க வேண்டும். கீழே உள்ளவை பொதுவான விளக்கங்கள். உங்களைச் சோதித்துப் பார்த்த மருத்துவர் வேறு சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

எடை கூடினால் புற்றுநோய் வருமா?

கட்டாயம் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. வரும் வாய்ப்பு கூடுகிறது என்பது உறுதி. பிரான்சின் லியோன் நகரில் உள்ள அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிலையம் உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்தது. அதன் வல்லுநர் குழு அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அலசி, அதிகக் கொழுப்போடு தொடர்புள்ள 13 வகைப் புற்றுநோய்களை 2016ஆம் ஆண்டு அறிவித்தது. பெருங்குடலும் மலக்குடலும், கருப்பையின் உட்சுவர், சினைப்பை, மாதவிடாய் நின்றபின் வரும் மார்பகப் புற்றுநோய், சிறுநீரகம், கல்லீரல், பித்தப்பை, கணையம், உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் சுரப்பித் திசுவில் வருவது, அதை ஒட்டிய இரைப்பையின் மேற்பகுதி, தைராய்டு, மூளையின் உறையில் வளரும் மெனிஞ்சியோமா, எலும்பு மஜ்ஜையில் வரும் மல்டிபிள் மயலோமா ஆகியவை அவை.

அந்தப் பட்டியலில் இல்லாதவற்றையும் கவனியுங்கள். வாய்ப் புற்றுநோய்க்குப் புகையிலை, வெற்றிலை பாக்கு, மது ஆகியவைதான் முதல் காரணங்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எச்பிவி என்ற கிருமி காரணம். நுரையீரல் புற்றுநோயும் பட்டியலில் இல்லை. ஒல்லியாக இருப்பதை நம்பி ஒருவர் புகைபிடித்துக்கொண்டிருந்தால் அவர் தப்புக் கணக்குப் போடுகிறார்.

எவ்வளவு கூடுகிறது? பயமுறுத்தாமல் சொல்லுங்கள்.

உறுப்புக்கு உறுப்பு வேறுபடும். எல்லாவற்றிலும் எடையோடு மிக நெருக்கமாகப் பின்னியது கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய். உயரத்துக்கு ஏற்ப எடையை அளக்கும் குறியீடான பிஎம்ஐ 40ஐத் தாண்டிய பெண்களுக்கு அது வரும் வாய்ப்பு, சரியான எடையில் உள்ளவர்களைவிட ஏறத்தாழ 7 மடங்கு. மிக அதிக எடை உள்ளவர்களுக்குக் கல்லீரல், சிறுநீரகப் புற்றுநோய் வாய்ப்பு சுமார் 80 விழுக்காடு கூடும். பெருங்குடலுக்கு அது 30 விழுக்காடு அளவில் நிற்கிறது. மாதவிடாய் நின்றபின் வரும் மார்பகப் புற்றுநோயில், பிஎம்ஐ 5 புள்ளி ஏறும்போது வாய்ப்பு 10 விழுக்காடு போலக் கூடுகிறது.

மார்பகத்துக்கு 10 விழுக்காடுதானே, கருப்பைக்கு 7 மடங்காயிற்றே என்று மார்பகத்தை ஒதுக்கிவிட வேண்டாம். சிங்கப்பூரில் பெண்களுக்கு மிக அதிகமாக வரும் புற்றுநோய் மார்பகத்தில் வருவதுதான். பரவலாக உள்ள நோயில் சிறிய ஏற்றம் வந்தாலும் அது பலரைத் தொடும். அரிதான நோய் இரண்டு மடங்கானாலும் அதைக் காண்பவர் சிலரே. செய்தித் தலைப்பில் "மடங்கு" என்று பார்த்தால், எதன் மடங்கு என்று கேட்டுப் பழக வேண்டும்.

அமெரிக்காவில் 9 லட்சம் பேரை 16 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2003இல் வெளிவந்தது. பிஎம்ஐ 40க்கு மேல் இருந்தவர்களில் புற்றுநோயால் இறப்பது ஆண்களிடம் 52 விழுக்காடும் பெண்களிடம் 62 விழுக்காடும் அதிகமாக இருந்தது. நம் வட்டாரத்தில் 40ஐத் தாண்டியவர்கள் குறைவு. ஆகவே அந்த எண்ணை அப்படியே நம் தலையில் ஏற்றிக்கொள்ளத் தேவையில்லை.

வயிற்றில் இருக்கும் கொழுப்பு எங்கோ இருக்கும் மார்பகத்தையோ கருப்பையையோ எப்படிக் கெடுக்கும்?

கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அது ஒரு சுரப்பி போல ரத்தத்தில் பலவற்றைக் கலந்துகொண்டே இருக்கும். மாதவிடாய் நிற்கும்வரை பெண் உடலில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சினைப்பையிலிருந்து வருகிறது. நின்றபின் சினைப்பை ஓய்ந்துவிடும். ஆனால் கொழுப்புத் திசுவில் அரோமட்டேஸ் என்ற நொதி இருக்கிறது. வேறு ஹார்மோன்களை அது ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு கூடினால் ஈஸ்ட்ரோஜனும் கூடும். கருப்பை உட்சுவரும் மார்பகத் திசுவும் அதைக் கேட்டு வளர்பவை. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரைகள் இந்த நொதியைத்தான் அடக்குகின்றன.

அடுத்தது இன்சுலின். வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றிக் கொழுப்பு சேரும்போது இன்சுலின் சொல்வதை உடல் கேட்க மறுக்கிறது. கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. இன்சுலினும் அதன் உறவான வளர்ச்சிக் காரணிகளும் செல்களைப் பெருகச் சொல்பவை. சாக வேண்டிய செல்லைக்கூடப் பிழைக்க வைப்பவை. பெருங்குடலில் இது நடப்பதாகக் கருதுகிறார்கள். மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத அழற்சி. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, ஆனால் கொழுப்புத் திசுவில் நோயெதிர்ப்புச் செல்கள் குவிந்து ஆண்டுக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும்.

சில உறுப்புகளுக்குத் தனிப் பாதை உண்டு. தொப்பை அழுத்துவதால் இரைப்பை அமிலம் மேலேறி உணவுக்குழாயின் அடியை அரித்துக்கொண்டே இருக்கும். கல்லீரலில் படியும் கொழுப்பு, ஒரு துளி மது அருந்தாதவரிடமும் தழும்பாகி, சிரோசிஸ் என்ற கல்லீரல் சுருக்க நோய் வரை போகலாம். "நான் குடிப்பதே இல்லை, கல்லீரலுக்கு என்ன வரப்போகிறது" என்ற பேச்சு நம் வீடுகளில் அதிகம். அது கைகொடுக்காது.

என் பிஎம்ஐ 24. இணையத்தில் 25 வரை சரி என்று போட்டிருக்கிறது. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) கூடுதல் என்கிறார்கள். யார் சொல்வது சரி?

மருந்தகம் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். 25 என்ற கோடு பெரும்பாலும் ஐரோப்பிய உடல்களை வைத்துப் போட்டது. ஆசியர்களுக்கு அதைவிடக் குறைந்த பிஎம்ஐயிலேயே நீரிழிவும் இதயநோயும் தலைகாட்டுகின்றன என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர்கள் 2004இல் எழுதினார்கள். சிங்கப்பூர் 23ஐயும் 27.5ஐயும் எல்லைகளாக எடுத்துக்கொண்டது. 18.5 முதல் 22.9 வரை குறைந்த ஆபத்து, 23 முதல் நடுத்தரம், 27.5 முதல் உயர்ந்தது. 165 சென்டிமீட்டர் உயரமானவருக்கு 63 கிலோவை நெருங்கும்போதே முதல் எல்லை, 75 கிலோவில் இரண்டாவது. இந்த எல்லைகள் முதலில் நீரிழிவையும் இதயத்தையும் மனத்தில் வைத்து வந்தவை. புற்றுநோய்க்கென்று தனிக் கோடு எதுவும் இல்லை, ஆபத்து படிப்படியாகத்தான் ஏறுகிறது.

இதில் நம் தெற்காசிய உடலுக்கு ஒரு விசேஷம் உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யட்கின் இருவருக்கும் பிஎம்ஐ ஒன்றுதான், 22.3. இருவரையும் சோதித்தபோது யட்கினுக்கு உடல் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. இரண்டு பேரின் படத்தையும் போட்டு 2004இல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். தங்களையே சோதனைப் பொருளாக்கிக்கொண்ட அந்தக் குறும்பு எனக்குப் பிடிக்கும். கை கால் மெலிவு, வயிறு மட்டும் முன்னால் என்ற நம்மூர் அமைப்பை பிஎம்ஐ பிடிக்காது. சிங்கப்பூரில் உடல்பருமன் மலாய்க்காரர்களிடம் அதிகம், அடுத்த இடம் இந்தியர்களுக்கு. மொத்த மக்களில் பிஎம்ஐ 30ஐ எட்டியவர்கள் 2019, 2020ஆம் ஆண்டுகளின் கணக்கெடுப்பில் 10.5 விழுக்காடு, அடுத்த கணக்கெடுப்பில் 11.6.

அப்படியானால் எதைப் பார்ப்பது?

இடுப்பளவை. ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. இதற்குள் இருப்பது நல்லது. கால்சட்டை அளவை நம்பாதீர்கள், பலர் தொப்பைக்குக் கீழே இறக்கித்தான் பெல்ட் போடுகிறார்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்முனைக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்ட நிலையில், தையல்காரர் டேப்பால் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்தால் ஏமாறுவது நீங்கள்தான்.

அம்மாவுக்கு மாதவிடாய் நின்று பல வருடம் ஆகிவிட்டது. போன வாரம் லேசாக ரத்தம் பட்டது. எடையும் கொஞ்சம் அதிகம். காத்திருந்து பார்க்கலாமா?

காத்திருக்க வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். மாதவிடாய் நின்றபின் ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலானோருக்குச் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். ஆனால் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயின் முதல் அறிகுறி அநேகமாக இதுவே. அப்போதே பிடித்தால் பெரும்பாலும் அறுவை சிகிச்சையோடு முடிந்துவிடும். அக்காமார், அத்தைமார் வெட்கப்பட்டு மாதக்கணக்கில் மறைத்துவிடுவது நடக்கிறது. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளலாம், தவறில்லை.

சிங்கப்பூர்ப் பெண்களிடம் இந்த நோய் கூடிவருகிறது. குழந்தை பெறும் வயதில் உள்ளவர்களும் விதிவிலக்கு அல்ல. சினைப்பையில் நீர்க்கட்டி என்று சொல்லப்படும் பிசிஓஎஸ் இருந்து, எடையும் கூடி, மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறைதான் மாதவிடாய் வருகிறது என்றால், "வராதது வசதிதான்" என்று விட்டுவிடக் கூடாது. உதிராத உட்சுவர் தடித்துக்கொண்டே போகும். இதற்குப் பொது மக்களுக்கான முன்கூட்டிய பரிசோதனை கிடையாது. கருப்பை வாய்க்கு எடுக்கும் சோதனை சரியாக வந்துவிட்டதே என்று நிம்மதி அடைபவர்கள் உண்டு. அது வேறு இடத்தைப் பார்க்கும் சோதனை.

இளம்பெண்ணுக்கு எடை கூடினால் மார்பகப் புற்றுநோய் குறையும் என்று படித்தேன். உண்மையா?

புள்ளிவிவரத்தில் உண்மை. மாதவிடாய் நிற்பதற்கு முன் வரும் மார்பகப் புற்றுநோய், எடை கூடியவர்களிடம் சற்றுக் குறைவாகத்தான் காணப்படுகிறது. ஆனால் அந்த எடை அப்படியே 55 வயதுக்கும் கூட வரும். அப்போது கணக்கு தலைகீழாகிவிடும்.

எடையைக் குறைத்தால் ஆபத்தும் குறையுமா? இல்லை, ஏறியது ஏறியதுதானா?

குறைகிறது என்பதற்குச் சான்றுகள் சேர்ந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்காவில் மாதவிடாய் நின்ற 35,000க்கும் மேற்பட்ட பெண்களைக் கவனித்த ஆய்வில், 5 விழுக்காடு அல்லது அதற்கு மேல் எடை குறைந்தவர்களிடம் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் 29 விழுக்காடு குறைவாக இருந்தது. 80 கிலோ இருப்பவருக்கு 5 விழுக்காடு என்றால் 4 கிலோ. கல்யாண வயதில் இருந்த எடைக்குத் திரும்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் உட்பட 30,000 பேரின் விவரங்களைக் கிளீவ்லண்டில் ஆராய்ந்தார்கள். 10 ஆண்டுகளில் எடையோடு தொடர்புள்ள புற்றுநோய்கள் செய்துகொண்டவர்களில் 2.9 விழுக்காட்டினருக்கும், செய்யாதவர்களில் 4.9 விழுக்காட்டினருக்கும் வந்தன. முடிவுகள் 2022இல் வெளியாகின. இரண்டுமே மக்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள், குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனைகள் அல்ல. ஆனாலும் இரண்டும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

இப்போது எல்லாரும் பேசும் எடை குறைக்கும் ஊசி?

செமாகுளுடைட் போன்ற ஊசிகள் எடையை நன்றாகவே குறைக்கின்றன. நீரிழிவுக்காக அவற்றை எடுத்தவர்களிடம் சில புற்றுநோய்கள் குறைவாகத் தெரிந்ததாக ஆய்வுகள் வந்திருக்கின்றன. ஆனால் புற்றுநோயைத் தடுக்கும் மருந்தாக அவை அங்கீகரிக்கப்படவில்லை. குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தால் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேகமாக எடை இறங்கும்போது தசையும் சேர்ந்து இறங்கும். எல்லை தாண்டி ஜோகூரிலோ இணையத்திலோ மலிவாக வாங்கிப் போட்டுக்கொள்வது வேண்டாத வேலை.

சர்க்கரைதான் புற்றுநோய்க்குத் தீனி, நிறுத்தினால் கட்டி பட்டினியில் செத்துவிடும் என்கிறார்களே?

எல்லாச் செல்லும் சர்க்கரையில்தான் ஓடுகிறது, மூளை உட்பட. நாம் சாப்பிடாவிட்டால் உடலே அதைத் தயாரித்துக்கொள்ளும். சர்க்கரையை நிறுத்திக் கட்டியைப் பட்டினி போட முடியாது. இனிப்பு தீங்கு செய்வது எடை வழியாக.

நம் ஆட்களுக்குக் கலோரி தட்டிலிருந்து வருவதைவிடக் குவளையிலிருந்து அதிகம் வருகிறது என்பது என் எண்ணம். காலையில் ஒரு தே, பத்து மணிக்கு ஒன்று, மாலையில் ஒரு தே தாரிக். கெட்டியான இனிப்புப் பால் ஊற்றிய தேநீர் மூன்று முறை உள்ளே போனால், அப்புறம் சோற்றை ஒரு கரண்டி குறைத்து என்ன பயன்? கடையில் "தே சி கோசோங்" என்று கேட்டால் சர்க்கரை இல்லாமல் கிடைக்கும். நேரடியாக அதற்குப் போக முடியாதவர்கள் "சியூ தாய்" (இனிப்பு குறைவாக) என்று சொல்லிக் குறைத்துக்கொண்டே வரலாம். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். கடைப் பானங்களில் ஏ முதல் டி வரை ஒட்டியிருக்கும், சர்க்கரை அளவைக் காட்டும் நியூட்ரி கிரேடு குறியீடு 2022 டிசம்பர் கடைசியில் புட்டிப் பானங்களுக்கும், ஓராண்டு கழித்துக் கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் வந்தது. டி என்று இருந்தால் எனக்கு அது பாயாசம் மாதிரி, விசேஷ நாளுக்கு மட்டும்.

தேக்காவில் பிரியாணி சாப்பிடவே கூடாதா என்று கேட்பவர்களுக்கு: சாப்பிடலாம். வாரத்துக்கு நாலு முறை என்றால்தான் பேச வேண்டியிருக்கும். சுகாதார மேம்பாட்டு வாரியம் காட்டும் தட்டில் பாதி காயும் பழமும், கால்வாசி மீன் முட்டை பருப்பு, கால்வாசிதான் சோறு. நம் தட்டு பெரும்பாலும் சோற்று மலை, ஓரத்தில் பொரியல். மலையைக் கரைப்பதைவிடப் பொரியலைக் கூட்டுவது எளிது. மதுவை மறக்க வேண்டாம். கலோரியும் உண்டு, எடையே கூடாவிட்டாலும் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் அது.

அப்பாவுக்குக் குடல் புற்றுநோய். பத்து வருடமாக எடையைக் குறைக்கச் சொன்னவர்கள் இப்போது ஒரு கிலோகூடக் குறையக் கூடாது என்கிறார்கள். ஏன்?

ஏனென்றால் இப்போது குறைவது வேறு பொருள். ஆரோக்கியமாக இருக்கும்போது நடந்து, அளவாகச் சாப்பிட்டுக் குறைத்தால் இறங்குவது பெரும்பாலும் கொழுப்பு. புற்றுநோயில் தானாக இறங்கும்போது தசையும் சேர்ந்தே கரைகிறது. கட்டியும் அதை எதிர்த்துப் போராடும் உடலும் வெளியிடும் பொருள்கள் பசியை அணைத்துத் தசையை உருக்குகின்றன. மருத்துவர்கள் இதைக் கெக்கெக்சியா என்பார்கள். ஆறு மாதத்தில் தன் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் காரணமின்றிக் குறைந்தால் இந்தப் பெயரில் பார்க்கத் தொடங்குவார்கள். முற்றிய நிலையில் வெறும் சாப்பாட்டால் இதைத் திருப்ப முடியாது. அப்போது "நீங்கள் சாப்பிடாததால்தான்" என்று நோயாளியையோ, "நீ ஒழுங்காகச் சமைக்காததால்தான்" என்று மனைவியையோ திட்டுவது கொடுமை.

தசை குறைந்தவருக்குக் கீமோவின் பக்கவிளைவுகள் கடுமையாகின்றன. அறுவை சிகிச்சைக்குப் பிறகு எழுந்து நடக்க நாளாகிறது. மருந்தைத் தள்ளிப்போட வேண்டிவரும். பருமனான உடலுக்குள்ளும் தசை வற்றியிருக்கலாம். இவர்களைத்தான் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. "மாமாவுக்கு என்ன, நல்ல உடம்பு, தாங்குவார்" என்பார்கள். வேட்டி தளர்கிறதா என்பதைவிட, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடிகிறதா என்று பாருங்கள்.

சரி, என்ன கொடுப்பது? கஞ்சிதான் இறங்குகிறது.

கஞ்சி இறங்கட்டும், ஆனால் வெறும் கஞ்சியில் தண்ணீர்தான் அதிகம். அதிலேயே ஒரு முட்டையை அடித்து ஊற்றுங்கள், மீனை உதிர்த்துப் போடுங்கள், பாசிப்பருப்பைக் குழைத்துச் சேருங்கள். புற்றுநோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிராம் புரதம் தேவை என்பது வழக்கமான கணக்கு. 60 கிலோ இருப்பவருக்கு 60 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம்தான். ரசம் சோறும் ஊறுகாயும் அங்கே போய்ச் சேராது. மூன்று வேளை தட்டு நிறைய வைத்துக் கெஞ்சுவதைவிட ஆறு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரத அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். உணவியல் நிபுணரிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்காமல் கிடைப்பது அரிது.

கீமோ நடக்கும்போது விரதம் இருக்கலாமா? தைப்பூசம் வருகிறது.

சைவமாக இருப்பதில் தடையில்லை. பால், தயிர், தவ்ஹு, பருப்பு எல்லாம் உண்டே. முட்டையையும் விட்டுவிட்டால் மற்றவற்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஒருவேளை மட்டும் சாப்பிடுவது, தண்ணீர் குடிக்காமல் இருப்பது, வெயிலில் நெடுநேரம் நிற்பது ஆகியவற்றைச் சிகிச்சை முடியும்வரை தள்ளிவையுங்கள். நேர்த்திக்கடனை அடுத்த ஆண்டு செலுத்தினால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். ரமலான் நோன்பில் நோயாளிக்கு விலக்கு உண்டு என்பதை நம் முஸ்லிம் உறவுகள் நன்றாகவே அறிவார்கள்.

குண்டாக இருப்பவர்கள்தான் புற்றுநோயைத் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று ஒரு செய்தி வந்ததே?

அப்படித் தோன்றும் முடிவுகள் உண்மையிலேயே உண்டு. 200க்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2021இல் பார்த்தபோது, உடல்பருமன் உள்ள நோயாளிகளின் ஆயுள் மொத்தத்தில் குறைவாகவே இருந்தது. ஆனால் நுரையீரல், சிறுநீரகம், மெலனோமா என்ற தோல் புற்றுநோய் ஆகிய மூன்றில் மட்டும் அவர்கள் சற்று நன்றாகத் தேறினார்கள்.

இதற்கு ஒரு விளக்கம் எளிமையானது. நோய் முற்றியவர் கண்டறியப்படும் முன்பே இளைத்துவிடுகிறார். அவரை "சரியான எடை" வரிசையில் நிறுத்தினால் அந்த வரிசை மோசமாகத்தான் தெரியும். நுரையீரல் புற்றுநோயில், புகைபிடிக்கும் ஒல்லியானவர்கள் கணக்கைக் குழப்புகிறார்கள். இன்னொன்று, பிஎம்ஐ கூடியவர்களில் சிலருக்குத் தசையும் அதிகம். சில நோயெதிர்ப்பு மருந்துகள் பருமனானவர்களிடம் நன்றாக வேலை செய்வதாகவும் பேச்சு இருக்கிறது, இன்னும் முடிவாகவில்லை. மார்பகத்தில் படம் தெளிவு: 2 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை உள்ளடக்கிய 2014ஆம் ஆண்டுத் தொகுப்பில், நோய் தெரியும் முன்பே உடல்பருமன் இருந்தவர்களிடம் இறப்பு 41 விழுக்காடு அதிகம்.

சிகிச்சையில் எனக்கு எடை கூடுகிறது. எல்லாரும் இளைக்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன்?

உங்களுக்கு மட்டும் இல்லை. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இது சகஜம். வாந்திக்காகக் கொடுக்கும் ஸ்டீராய்டு பசியைத் தூண்டும், சோர்வால் நடமாட்டம் குறையும், இளம்பெண்களுக்கு மாதவிடாய் திடீரென நின்றுவிடும். அதோடு பார்க்க வருபவர்கள் எல்லாரும் ஹார்லிக்ஸும் பலகாரமுமாகவே வருவார்கள். சிகிச்சை நடுவில் கடுமையான டயட் வேண்டாம். நடப்பதை மட்டும் விடாதீர்கள்.

எடை அதிகம் என்றால் கீமோ மருந்தைக் குறைத்துக் கொடுப்பார்களா?

குறைக்கக் கூடாது என்பதே 2012இலிருந்து அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டி. குணப்படுத்தும் நோக்கத்தில் தரும் மருந்தை உண்மையான எடைக்கு ஏற்பவே முழு அளவில் கணக்கிட வேண்டும். "ரொம்ப அதிகமாகிவிடுமோ" என்று பயந்து குறைத்தால் பலனும் குறையும். சிறுநீரகம், ரத்த அணுக்கள் போன்ற வேறு காரணத்துக்காகக் குறைப்பது தனி விஷயம். உங்களுக்குக் குறைத்திருந்தால் எதற்காக என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சிகிச்சை முடிந்துவிட்டது. உடற்பயிற்சியால் உண்மையில் ஆயுள் கூடுமா?

இதற்கு 2025இல் ஒரு நல்ல பதில் கிடைத்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். பெரும்பாலும் கனடா, ஆஸ்திரேலியாவில். ஒரு பிரிவுக்கு ஆரோக்கியக் கையேடு மட்டும். இன்னொன்றுக்கு மூன்று ஆண்டுகள் பயிற்றுநர் துணையோடு உடற்பயிற்சி. நோய் திரும்புவதோ, புதிதாக வருவதோ, இறப்பதோ இரண்டாம் பிரிவில் 28 விழுக்காடு குறைந்தது. எட்டாம் ஆண்டில் 90.3 விழுக்காட்டினர் உயிரோடு இருந்தனர். மற்றப் பிரிவில் 83.2. பல மருந்துகளே இவ்வளவு செய்வதில்லை.

இதில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறு. இரு பிரிவுகளின் எடையிலும் இடுப்பளவிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் ஏற்படவில்லை. பலன் எடைக்குறைப்பால் வரவில்லை, அசைவால் வந்திருக்கிறது. ஆகவே "மூன்று மாதமாக நடக்கிறேன், ஒரு கிலோகூடக் குறையவில்லை, வீண்" என்று நிறுத்திவிடாதீர்கள்.

சிங்கப்பூரின் வழிகாட்டி, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான அசைவும், இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது. புளோக்கின் கீழே நடப்பது, பூங்கா இணைப்புப் பாதை, மின்தூக்கிக்குப் பதில் படி எல்லாம் சேரும். நம் ஆன்டிமார் நடக்கிறார்கள், தசைப் பயிற்சி என்றால் சிரிக்கிறார்கள். ஐந்து கிலோ அரிசிப் பையைத் தூக்கி வைப்பவர்களுக்கு அது புதிதல்ல. எலும்பில் நோய் பரவியிருந்தால் முதலில் இயன்மருத்துவரிடம் கேளுங்கள்.

எடை அதிகம் என்பதால் தனிப் பரிசோதனை ஏதும் உண்டா?

இல்லை, எல்லாருக்கும் உள்ளதைத் தவறாமல் செய்தால் போதும். 50 வயதிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை மலத்தில் மறைந்த ரத்தத்தைப் பார்க்கும் ஃபிட் சோதனை. பெட்டியை வாங்கி வந்து வீட்டிலேயே இரண்டு நாள் மாதிரி எடுக்கலாம். 50 முதல் 69 வயதுவரை பெண்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மெமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே. 40 வயதைத் தாண்டியவர்கள் "மேலும் ஆரோக்கியமான எஸ்ஜி" (Healthier SG) என்ற அரசுத் திட்டத்தில் ஒரு மருத்துவரிடம் பதிந்துகொண்டால், பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகள் குடிமக்களுக்கு இலவசம். ஃபிட் பெட்டி அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் வீடுகள் நிறைய. குடும்பத்தில் இளவயதில் யாருக்காவது குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் 50 வரை காத்திராமல் சொல்லுங்கள்.

ஒன்றுமே செய்யாமல் எடை குறைந்துகொண்டே வருகிறது. சந்தோஷப்படலாமா?

முயன்று குறைத்தால் சந்தோஷப்படலாம். முயலாமல் குறைந்தால் மருத்துவரைப் பாருங்கள். 70 கிலோ இருந்தவர் ஆறு மாதத்தில் மூன்றரைக் கிலோவுக்கு மேல் இழந்திருந்தால் காரணம் தேட வேண்டும். கட்டுப்படாத நீரிழிவு, தைராய்டு, காசநோய், மனச்சோர்வு என்று பல காரணங்கள் இருக்கலாம். புற்றுநோயும் அவற்றில் ஒன்று. எடையைப் பார்க்க வாரம் ஒருமுறை போதும்: காலையில் கழிவறைக்குப் போய்வந்து, சாப்பிடும் முன், ஒரே கருவியில். தேதியோடு நாட்காட்டியில் எழுதிவையுங்கள். மருத்துவர் "எப்போதிருந்து" என்று கேட்கும்போது அந்தத் தாளைக் காட்டினால் போதும்.